பழைய சைக்கிள், நிமிர்ந்த முதுகு

சுள்ளிக்கல்லில் கிளம்பி, மட்டாஞ்சேரி அரண்மனை, யூதத் தெரு, பஜார் சாலை, கல்வத்தி வழியாக ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்குப் போய், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் வேலி தோபிகானாவைத் தொட்டுத் திரும்பினால் ஒரு சுற்று முடிந்துவிடும். பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரம். வழியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மேற்குக் கொச்சி முழுக்கக் கடல் மட்டத்தை ஒட்டிய தட்டைத் தரை. மேடு வேண்டுமென்றால் தோப்பும்படிப் பக்கம் போய் வெல்லிங்டன் தீவுக்குப் போகும் பாலத்தில்தான் ஏற வேண்டும். தெருக்களோ குறுகியவை. மிளகு மூட்டை இறக்கும் லாரி, ஆட்டோ, நடைபாதையின்றிச் சாலையிலேயே நடக்கும் பயணிகள் எல்லாவற்றுக்கும் நடுவே மணிக்கு 15 கிலோமீட்டருக்குமேல் போக யாருக்கும் வழியில்லை. இப்படிப்பட்ட ஊரில் பொழுதுபோக்குக்காகச் சைக்கிள் மிதிக்க ஆசைப்படுகிறவர் எந்த வண்டியை எடுப்பது, அதில் எப்படி உட்காருவது?

அண்மைக் காலமாக இதற்குப் பலர் சொல்லும் பதில், தாத்தா காலத்துக் கறுப்புச் சைக்கிள். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், ஸ்பிரிங் வைத்த தோல் சீட், கனத்த கேரியர். பழைய இரும்புக் கடையிலோ வீட்டுப் பரணிலோ தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து ஓட்டத் தொடங்குகிறார்கள். ஆனால் அவற்றில் கணிசமான வண்டிகள் சில வாரங்களில் திண்ணைக்குத் திரும்பிவிடுகின்றன. சில, உணவகச் சுவர்களில் அலங்காரமாகத் தொங்குகின்றன. காரணம் கேட்டால் இடுப்பு வலி, முழங்கால் வலி, உட்காரும் இடத்தில் வலி என்று பட்டியல் வரும். பழசு என்றால் அப்படித்தான் என்ற தீர்ப்பும் கூடவே வரும். அந்தத் தீர்ப்பு தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கொச்சியைப் போன்ற சமதரை ஊரில், நிதான வேகத்தில், அரை மணி, ஒரு மணி நேரம் மிதிப்பதற்குப் பழைய ரோட்ஸ்டர் சைக்கிளைவிடப் பொருத்தமான வண்டி குறைவு. வலி வருவது பெரும்பாலும் உடம்புக்கு ஏற்றபடி வண்டியைத் திருத்தாமல் விடுவதால். திருத்துவதற்கு ஒரு ஸ்பேனரும் ஓர் அளவு நாடாவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கறுப்பு வண்டியின் கதை

இன்றைய சைக்கிளின் வடிவம் 1885-ல் இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டியிலிருந்து வருகிறது. அதற்கு முன் ஆளுயர முன்சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்து மிதித்தார்கள். விழுந்தால் தலைகீழாகத்தான் விழ வேண்டும். ஸ்டார்லி இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, நடுவில் பெடலை வைத்து, செயின் மூலம் பின்சக்கரத்தைச் சுழற்றினார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஊர்ச் சாலைக்கான வண்டிக்கென ஒரு வடிவம் நிலைபெற்றது. சீட் குழாயும் முன் ஃபோர்க்கும் நன்றாகச் சாய்ந்திருக்கும். சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகம். ஹேண்டில்பார் ஓட்டுபவரை நோக்கிப் பின்னால் வளைந்து வரும். குண்டும் குழியுமான, தார் போடாத சாலைகளில், கோட்டும் பாவாடையும் அணிந்த மனிதர்கள் வேலைக்குப் போய்வரச் செய்த ஏற்பாடு அது.

சுதந்திரத்துக்குப் பிறகு அதே வடிவத்தை இந்தியத் தொழிற்சாலைகள் கையில் எடுத்தன. முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னை அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகளைத் தந்தது. வங்காளத்தின் அசன்சோல் அருகே சென்-ராலே, அரியானாவின் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ என்று வரிசை நீண்டது. பெயர்ப்பட்டை மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். அதனால்தான் அறுபது வருடம் பழைய வண்டிக்கும் லூதியானாவில் இன்று செய்யப்படும் டயரும் டியூபும், பெடல் கையை அச்சோடு இறுக்கும் கட்டர் பின்னும் பொருந்துகின்றன. ஓட்டுவதற்காகப் பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது சாதாரண வசதி இல்லை. ஐரோப்பாவில் இதே வயதுள்ள வண்டிக்கு உதிரிபாகம் தேடுவது தனிப் பொழுதுபோக்கு; நம் ஊரில் முக்குக் கடையிலேயே கிடைக்கும்.

இன்னொரு சான்று கடல் தாண்டி இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1663 முதல் 1795 வரை கொச்சியை வைத்திருந்தார்கள். அவர்கள் போய் வெகுகாலத்துக்குப் பிறகே சைக்கிள் பிறந்தது. ஆனாலும் இன்று ஆம்ஸ்டர்டாமில் பாட்டி சைக்கிள் என்று செல்லமாக அழைக்கப்படும் வண்டியையும் அம்பத்தூர் ரோட்ஸ்டரையும் அருகருகே நிறுத்தினால் உறவு தெரியும்: அதே சாய்ந்த சட்டம், அதே பின்வளைந்த ஹேண்டில்பார், அதே நிமிர்ந்த முதுகு. இரண்டுக்கும் மூலம் ஆங்கிலேய வண்டிதான். ஆனால் பணத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் குறைவில்லாத நெதர்லாந்து, நூறு ஆண்டுகளாகியும் அந்த அமர்வைக் கைவிடவில்லை. அங்கேயும் தரை தட்டை, தூரம் குறைவு, வேகம் நிதானம். அந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் நிமிர்ந்த அமர்வு தானாகவே ஜெயிக்கிறது.

வேகம் சொல்லும் கணக்கு

முதுகை எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது வேகம். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படியில் ஏறும். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து உட்கார்ந்து சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போக ஏறத்தாழ 60 வாட் போதும். பழைய குண்டு பல்பு ஒன்று எரிய ஆகும் அளவுதான். அதில் பாதி காற்றுக்கு, மறுபாதி டயரின் உருளல் எதிர்ப்புக்கு. அதே ஆள் அதே அமர்வில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொட நினைத்தால் காற்றுக்கு மட்டுமே எட்டு மடங்கு, அதாவது 240 வாட் வேண்டும். அதை ஒரு மணி நேரம் தொடர்ந்து தருவது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். அந்த வேகத்தில் குனிந்தால் பெரிய லாபம் உண்டு. மூன்றில் ஒரு பங்கு காற்றுத் தடையைக் குறைத்தாலும் 80 வாட் மிச்சம். ஆனால் 15 கிலோமீட்டர் வேகத்தில் அதே அளவு குனிந்தால் மிச்சமாவது பத்து வாட்தான். அந்தப் பத்து வாட்டுக்காகக் கழுத்தையும் மணிக்கட்டையும் தோளையும் வருத்துவது நட்டக் கணக்கு.

அப்படியானால் குனிந்த அமர்வே சரியான அமர்வு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பந்தயத்திலிருந்து. பந்தய அமர்வும்கூட உடற்கூற்றின் இறுதி முடிவன்று. விதிகள் வகுத்த எல்லைக்குள் கிடைத்த சமரசம் அது. 1933-ல் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் வண்டியில், ஒரு மணி நேர ஓட்டத்தில் ஆஸ்கர் எக் 1914-ல் படைத்த சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அத்தகைய வண்டிகளைப் போட்டியிலிருந்து விலக்கியது. 1993-ல் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி கைகளை மார்புக்கு அடியில் மடக்கிவைக்கும் புதிய அமர்வில் அதே ஒரு மணி நேரச் சாதனையைப் படைத்தார். அடுத்த ஆண்டு அந்த அமர்வும் தடை செய்யப்பட்டது. தடைகளுக்கு விளையாட்டுத் தரப்பில் நியாயம் இருக்கலாம். நமக்கு வேண்டிய பாடம் வேறு. கடைக்காரரும் இணையக் காணொளியும் சொல்லும் 'சரியான பொசிஷன்' என்பது, குறிப்பிட்ட விதிகளுக்குள் குறிப்பிட்ட வேகத்தில் ஜெயிக்க உருவானது. மட்டாஞ்சேரி பஜாரில் யாரும் யாரையும் முந்தப் போவதில்லை.

சீட்டிலிருந்து தொடங்குவது

நிமிர்ந்த அமர்வு நல்லது என்று சொல்லிவிட்டால் மட்டும் வலி போகாது. அந்த அமர்வில் உடம்பின் பாரம் பெரும்பகுதி சீட்டின்மீது இறங்குகிறது. கைகளுக்கு அதிக வேலை இல்லை. ஆகவே சீட்டின் உயரம், முன்பின் தூரம், சாய்வு மூன்றும் சரியாக அமைய வேண்டும். நம் ஊரில் பழைய சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் அதிகம் காணும் பிழை, சீட்டை மிகத் தாழ்த்தி வைப்பது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. வாடகை சைக்கிளில் ஓட்டக் கற்ற தலைமுறை, எல்லோருக்கும் பொதுவாக இறக்கி வைக்கப்பட்ட சீட்டிலேயே பழகியது. நின்றால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஆனால் ரோட்ஸ்டரில் பெடல்கள் சுற்றும் கிராங்க் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. உட்கார்ந்தபடியே பாதம் முழுவதும் தரையில் படும் அளவுக்குச் சீட்டை இறக்கினால், மிதிக்கும்போது முழங்கால் ஒருபோதும் நீள முடியாது. மடங்கிய முழங்காலிலேயே ஒவ்வொரு மிதியின் அழுத்தமும் விழும்.

எவ்வளவு உயரம் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. 1967-ல் ஹாம்லி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள், காலின் உள்நீளத்தில் 109 விழுக்காடு அளவுக்குப் பெடலிலிருந்து சீட்டின் உச்சி இருக்கலாம் என்று கண்டார்கள். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரின் வழியாக வந்து பந்தய வீரர் கிரெக் லெமாண்டால் புகழ்பெற்ற இன்னொரு கணக்கு, உள்நீளத்தை 0.883 ஆல் பெருக்கி, கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் உச்சிவரை அளக்கச் சொல்கிறது. 78 சென்டிமீட்டர் உள்நீளம் உள்ளவருக்கு முதல் கணக்கு 85 என்று வரும். இரண்டாவது 69, அதோடு கிராங்கின் நீளமான 16.5 சென்டிமீட்டரைக் கூட்டினால் அதுவும் ஏறத்தாழ அதே இடம். இரண்டும் பந்தயக்காரர்களுக்கான அளவுகள் என்பதால், செருப்புப் போட்டு நிதானமாக மிதிப்பவர் இதிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறக்கிக்கொள்ளலாம். கணக்குப் பிடிக்காதவர்களுக்கு எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே விடுங்கள். கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்காலில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு மிஞ்சும். மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் பொதுவாக ஏற்கும் அளவு அது. நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நின்றுகொள்வது சில நாளில் பழகிவிடும்.

இங்கே பழைய வண்டிக்கே உரிய ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதன் சீட் குழாய் தரைக்கு ஏறக்குறைய 67 பாகைச் சாய்வில் நிற்கிறது. அதனால் சீட்டை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தினால் அது இரண்டு சென்டிமீட்டர் பின்னாலும் போய்விடும். உயரத்தைச் சரிசெய்த மறுநாளே 'ஹேண்டில்பார் எட்டவில்லை' என்று பலர் சொல்வது இதனால்தான். பின்னால் உட்காருவதில் லாபமும் உண்டு: பாதம் உடம்புக்குச் சற்று முன்னே இருப்பதால் பாரம் சமன்பட்டு, கைகள் சுமையின்றி ஹேண்டிலைத் தொட்டால் போதும். அளவு மீறினால் மட்டுமே கையை நீட்டி, தோளை இறுக்கி ஓட்ட நேரும். அதற்கு மருந்து சீட்டைப் பிடிக்கும் கிளிப்பிலேயே இருக்கிறது. பழைய வகைக் கிளிப்பைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால், சீட் கம்பிக்குப் பின்னால் இருந்த பிடி முன்னால் வந்துவிடும். சீட்டும் அந்த அளவு முன்னே நகரும். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். அனுபவமுள்ள மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார்.

சாய்வைப் பொறுத்தவரை, சீட்டின் மூக்கு மட்டமாகவோ இம்மியளவு உயர்ந்தோ இருக்கட்டும். மூக்கு தாழ்ந்தால் உடம்பு முன்னே வழுக்கும். அதைத் தடுக்கக் கைகள் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். மிக உயர்ந்தால் மென்மையான இடத்தில் அழுத்தி மரத்துப்போகும். நிமிர்ந்து உட்காருகிறவரின் பாரத்தை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள் தாங்குகின்றன. அகலமான ஸ்பிரிங் சீட்டின் பின்பகுதி அவற்றுக்காகவே செய்யப்பட்டது. பெண்களுக்கு அந்த முனைகளின் இடைவெளி பொதுவாகச் சற்று அதிகம் என்பதால் சீட்டும் அகலமாக வேண்டும். தோல் சீட் உபயோகிக்கிறவருக்குக் கொச்சியின் மழை ஓர் எதிரி. நனைந்த தோலில் உட்கார்ந்தால் தொட்டில்போலத் தொங்கிவிடும். சீட்டின் மூக்கடியில் உள்ள நட்டை அளவாக முறுக்கித் தொய்வை எடுக்கலாம். ஆனால் மழைக்கு உறை போடுவதே நல்ல வைத்தியம்.

ஹேண்டில்பாரின் பிடி, சீட்டின் உயரத்திலோ அதற்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலோ இருந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் முதுகு செங்குத்தாகி, ஒவ்வொரு குழியின் அதிர்வும் முதுகெலும்பு வழியே நேராகத் தலைக்கு ஏறும். கொஞ்சம் முன்சாய்வு இருந்தால் இடுப்பு மடிந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். கம்பி பிரேக் வண்டியில் ஹேண்டில்பாரை மட்டும் தூக்கிவிட முடியாது. பிரேக் கம்பிகள் அதோடு பிணைந்திருப்பதால் அவற்றின் நீளத்தையும் கூடவே சரிசெய்ய வேண்டும். இதை மறந்தால் பிரேக் பிடிக்காது, அல்லது பிடித்தபடியே நிற்கும். சீட் கம்பியாயினும் ஹேண்டில் கம்பியாயினும் குறைந்தது ஆறேழு சென்டிமீட்டர் குழாய்க்குள் இருக்க வேண்டும் என்பதில் சமரசம் கூடாது.

கடைசியாக, அமர்வைக் கெடுக்கும் இரண்டு மறைவான குற்றவாளிகள். ஒன்று, தேய்ந்த கட்டர் பின்னும் வளைந்த பெடல் அச்சும். ஒவ்வொரு சுற்றிலும் பாதம் ஒரு பக்கம் திருகும். வலி முழங்காலில் தெரியும். மற்றொன்று, கல்லாக அடித்த காற்று. டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண் மேல்வரம்பு. அந்த அளவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாரம் அதிகம் விழும் பின்சக்கரத்தைவிட முன்சக்கரத்தில் காற்றுக் குறைவாக இருக்கலாம். ஒன்றரை அங்குல டயரே இந்த வண்டியின் முதல் ஸ்பிரிங்.

திருத்த முடியாத ஒன்று

சீட்டை ஏற்றலாம், ஹேண்டிலை இறக்கலாம். சட்டத்தின் அளவை மட்டும் மாற்ற முடியாது. 22 அங்குலச் சட்டத்தில் மேல் பார் தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்குமேல் நிற்கும். 24 அங்குலத்தில் 85-ஐத் தாண்டும். நம்மில் பலருடைய கால் உள்நீளம் அதைவிடக் குறைவு. பாரின்மேல் காலை அகட்டி நிற்க முடியாத வண்டியை அழகுக்காக வாங்குவது ஆபத்து. ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு வண்டிதான் இருந்தது. அப்பாவின் சைக்கிளில் பையன்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களைச் சைக்கிள் ஓட்டவைத்தபோது, பெண்களுக்கான வண்டி கிடைக்காமல் பலர் ஆண்கள் சைக்கிளிலேயே கற்றார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். அவர்கள் வண்டிக்கேற்ப உடம்பை வளைத்தது தேவைக்காக. பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தாழ்ந்த பாருடன் வரும் பழைய பெண்கள் மாடலை உயரம் குறைந்த ஆண்களும் தயக்கமின்றி வாங்கலாம். ஏறி இறங்க எளிது, வேட்டிக்கும் உகந்தது.

மறுப்புகளும் பதில்களும்

கனம் என்பது முதல் மறுப்பு. பழைய வண்டி 20 கிலோ அளவுக்கு வரும். புதியது 12 கிலோவில் கிடைக்கும். ஆனால் சமதரையில் கனம் பாதிப்பது உருளல் எதிர்ப்பை மட்டுமே. எட்டுக் கிலோ கூடினால், 15 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தத் தடையில் நான்கு விழுக்காடுதான் ஏறும். மாடிப்படியில் தூக்க வேண்டியவருக்கு அது பெரிய குறை. தெருவில் மிதிப்பவருக்கு இல்லை.

பாலம் வந்தால் என்ன செய்வது என்பது இரண்டாவது. இந்த மறுப்பில் வலு இருக்கிறது. கிராங்க் பல்சக்கரத்தில் 44, ஃப்ரீவீலில் 18 பல் என்ற அமைப்பில் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். சமதரைக்கு அது இதமான அளவு. 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் சரிவில் அதே கியருடன் ஏறினால் மிதிக்கும் விசை மூன்று மடங்காகிவிடும். ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப்பைப் பின்சக்கரத்தில் கோத்தால் கீழ்க் கியரில் கால்வாசிச் சுமை குறையும். அது இல்லாதவர் இறங்கித் தள்ளலாம். முந்தைய தலைமுறை அதை அவமானமாக நினைக்கவில்லை. நாள்தோறும் பாலம் தாண்டி எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு இந்த வண்டியைப் பரிந்துரைக்க முடியாது.

மூன்றாவது, பிரேக். நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை சரிவரப் பிடிக்காது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் இதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்வது பொறுப்பின்மை. மழையில் இந்த வண்டியை எடுக்காதீர்கள் என்பதே நேர்மையான பதில். எடுத்தே தீரவேண்டியவர், ஹப்பிற்குள் டிரம் பிரேக் உள்ள சக்கரத்தை மாட்டிக்கொள்ளலாம். பழமை கெட்டுவிடும் என்று வருந்துவோருக்கு, உயிரும் பழையதுதான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முதுகுத் தட்டுக் கோளாறு உள்ளவர்களும் இந்தக் கட்டுரையை நம்பி ஏறிவிடாமல், முதலில் மருத்துவரைக் கேட்பது நல்லது.

நான்காவது மறுப்பு கூர்மையானது. பழைய சைக்கிள் ஏக்கம் என்பது அதை வறுமையில் மிதிக்க நேராதவர்களின் ஆடம்பரம் என்பது அது. மீன் கூடையும் பால் கேனும் கட்டி மிதித்தவர்களுக்கு மொபெட் விடுதலையாக வந்தது உண்மை. அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்தியது. அந்தக் காலம் முடிந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. பழைய சைக்கிள்களுக்கென இத்தாலியில் 1997-ல் தொடங்கிய லெரோய்க்கா ஓட்டமும், லண்டனில் 2009 முதல் கோட்டு சூட்டுடன் நடக்கும் ட்வீட் ரன்னும் வேடிக்கை விழாக்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சுமை ஏற்றி மிதித்ததன் வலி வேறு, அமர்வின் வலி வேறு. சுமையை இறக்கிவிட்டால் அதே வண்டி சுகமாக ஓடும். இன்னொரு பக்கமும் உண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாத யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் நகர்ந்தது. 2022-ல் இலங்கை முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது நகரவாசிகளும் மறுபடி சைக்கிளைத் தேடினார்கள். ஓடும் நிலையில் ஒரு வண்டியும் அதை ஓட்டப் பழகிய உடம்பும் வீட்டில் இருப்பதை ஏக்கம் என்று ஒதுக்க முடியாது. புனேயில் ஒரு சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. பாதுகாப்பதற்கு அது நல்ல இடம். மற்ற வண்டிகளைப் பாதுகாக்கச் சிறந்த வழி ஓட்டுவது. வலித்தால் யாரும் ஓட்ட மாட்டார்கள். ஆகவே பழைய சைக்கிளின் ஆயுள் பெயின்டைவிடச் சீட்டின் உயரத்தில்தான் அதிகம் தொங்குகிறது.

எனவே பழைய சைக்கிள் வாங்க எண்ணுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்ப்பட்டையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் காலின் உள்நீளத்தை அளந்துகொள்ளுங்கள். பாரின்மேல் நின்று பாருங்கள். இடிக்கிறதென்றால் எவ்வளவு அழகான வண்டியானாலும் விட்டுவிடுங்கள். வாங்கிய பின் முதல் செலவைப் பெயின்டுக்குச் செய்யாமல் பால்ரஸ், கட்டர் பின், பிரேக் கட்டைக்குச் செய்யுங்கள். சீட்டைக் குதிகால் அளவுக்கு ஏற்றி, ஒரு வாரத்துக்கு வேறெதையும் தொடாமல் ஓட்டுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அரை அங்குலம் அளவுக்கு மாற்றிப் பாருங்கள். உங்கள் பகுதியில் பழைய வண்டி தெரிந்த ஒரு மெக்கானிக் இன்னும் கடை திறந்து வைத்திருந்தால் இந்த மாதமே போய்விடுங்கள். கிளிப்பைத் திருப்பிப் பூட்டவும் சக்கரத்தில் கோட்டம் எடுக்கவும் தெரிந்த கைகள், உதிரிபாகங்களைவிட வேகமாகக் குறைந்துகொண்டிருக்கின்றன.